அண்ணியின் உப்பில்லா விரதம்

எனக்கும் என் அண்ணி வள்ளிநாயகிக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாத்தனார் சொல்கிற அண்ணி கதையை யாரும் அப்படியே நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளைப் பற்றிச் சொல்ல இந்தத் திருத்தணியில் என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அது அவளுடைய போதாத காலம்.

என் பெயர் ரத்தினம்மாள். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்த வாய், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை குட்டி கிடையாது. கீழ் வீட்டில் நான், மாடியில் அண்ணி.

அவள் எங்கள் அண்ணன் ஜம்புலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு ஆர்.கே.பேட்டைக்கு வந்தபோது வீட்டு முன்கட்டில் இரண்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அண்ணி பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். நல்ல வேலைக்காரி. ஆனால் சில வருஷங்களில் சில மாதங்கள் அவளுக்குத் தூக்கமே இருக்காது. நாலு வீட்டு வாசலைக் கூட்டுவாள், பரணில் இருக்கிற பித்தளைப் பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தேய்த்துக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவாள், வம்புச் சண்டைக்குப் போவாள், சண்டை போட்ட வீட்டுக்கே பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டும் போவாள். அப்புறம் ஒரு நாள் அத்தனையும் வடிந்துவிடும். சுவரைப் பார்த்துப் படுத்தால் தலை வார ஆள் வேண்டும். நடமாடும்போது முருகன் அருள் என்றார்கள், படுத்தபோது செய்வினை என்றார்கள். அண்ணன்தான் பிடிவாதமாக வேலூருக்கு அழைத்துப் போய்க் காட்டினார். இருமுனை நோய் என்று டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்கு ஏத்தம், இறக்கம் என்றே பெயர் வைத்துக்கொண்டோம்.

அவளுக்கு ஒரே பெண், விஜி. விஜியின் கல்யாணம் இங்கே மலையடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அந்த வாரம் முழுக்க அண்ணி கண்ணை மூடவில்லை. பெண்ணைப் பெற்றவள் கல்யாண வாரத்தில் தூங்காமல் ஓடினால் யாருக்குச் சந்தேகம் வரும்? தாலி கட்டி முடிந்ததும் அவளைக் காணோம். போய்ப் பார்த்தால் அடிவாரத்து ரோட்டில் நின்றுகொண்டு, மேலே மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி வருகிற கூட்டத்தையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். எம்பொண்ணு கல்யாணம், ஒரு வாய் சாப்பிடாம போகக்கூடாது என்று தமிழில் பாதி, தெலுங்கில் பாதி. நெல்லூர்க்காரர்கள், சித்தூர்க்காரர்கள், ஒரு வேன் நிறைய ஆட்கள். மாப்பிள்ளை வீட்டார் கை கழுவிக்கொண்டு பந்திக்கு வந்தபோது மூன்று வரிசை முழுக்கச் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தன. சோறு தீர்ந்துவிட்டது. சம்பந்தியம்மாள் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பொங்கல் தின்றுவிட்டு ஓசூர் போய்ச் சேர்ந்தாள். இன்றைக்கும் அந்த வீட்டில் அதற்கு மொட்டைக் கல்யாணம் என்றுதான் பேர்.

வந்தவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாயார வாழ்த்திவிட்டுத்தான் போனார்கள். அதை யார் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்?

அண்ணன் இறந்தபின் தறிகளை விற்றுவிட்டு அண்ணி என் மாடிக்கு வந்தாள். ஒரு வருஷம் எப்படியோ ஓடியது. அடுத்த வருஷம் இறக்கம் வந்தது. எப்போதும் இரண்டு மூன்று மாதத்தில் எழுந்துவிடுகிறவள் இந்த முறை எழவேயில்லை. குளிப்பதில்லை, தலை சிக்குப் பிடித்துச் சடையாகிவிட்டது. தட்டை வைத்துவிட்டு வந்து சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஈ மொய்த்துக்கொண்டிருக்கும். அழுதாலாவது ஏன் அழுகிறாய் என்று கேட்கலாம். அழவும் இல்லை. முதலில் எட்டிப் பார்த்த சொந்தக்காரர்கள் மெல்ல நின்றுவிட்டார்கள். அந்த மாடியில் ஒரு மனுஷி இருப்பதே தெருவுக்கு மறந்துபோயிற்று.

விஜி ஒரு தடவை வந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் என்னிடம் சொன்னாள், அம்மாவுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "எழுந்து நடமாடட்டும் அத்தை, நானே கூட்டிக்கினு போறேன். இப்படியே அங்க கொண்டுபோனா என் மாமியார் என்னையும் வெளிய அனுப்பிடுவாங்க."

சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த அண்ணி அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். "நான் எழுந்துட்டா கூட்டிக்கினு போவியா?" என்று கேட்டாள். விஜி, ஆங் என்றாள்.

அந்த ஒரு ஆங்குக்காகத்தான் மீதிக் கதை முழுக்க நடந்தது.

வேலூரில் மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மனத்தைத் தூக்குகிற மாத்திரையைக் கூட்டினால் ஏத்தம் வந்துவிடுமோ என்று பயம், வயசுக்கு உடம்பும் தாங்கவில்லை. கடைசியில் சென்னையில் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். தலையில் காந்தம் வைத்துப் பண்ணுகிற வைத்தியம். சேதி கசிந்ததும் தெருவில் ஆளாளுக்குக் கரண்ட் வைக்கப் போறாங்களாமே என்று உச்சுக் கொட்டினார்கள். இத்தனை நாள் எங்கே போயிருந்தார்களோ!

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். தலையில் கரண்ட் வைக்கிற வைத்தியம் வேறு, இது வேறு. மயக்க மருந்து கிடையாது, விழித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்திருக்கலாம். தலைக்கு வெளியே ஒரு கம்பிச் சுருளை வைப்பார்கள், அதிலிருந்து காந்த அலை விட்டுவிட்டு மூளையின் ஓரிடத்தைத் தட்டும். வயதானவர்களில் சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. ஏத்தமும் இறக்கமும் உள்ளவர்களுக்கு இன்னும் ஜாக்கிரதை வேண்டும், தூக்கிவிடப் போய் ஒரேயடியாக மேலே போய்விடக்கூடாது. பழைய மாத்திரை எதையும் நிறுத்தக்கூடாது. சரியாகிவிடும் என்று அவர் சத்தியம் பண்ணவில்லை. அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று.

சனி ஞாயிறு தவிர தினமும் போகவேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். விஜிக்கு லீவு இல்லை. அவள் கொழுந்தன்மார்கள், என் கூடப்பிறந்தவர்கள்தான், அவர்களுக்கு இடுப்பு வலி, முழங்கால் வலி. ஆக அண்ணி என் தலையில் விழுந்தாள்.

தலைப் பக்கம் உலோகம் ஒன்றும் இருக்கக்கூடாது என்றார்கள். கம்மலைக் கழற்றிவிட்டோம். மூக்குத்தி வரவில்லை. கல்யாணத்தில் போட்டது, திருகாணி இறுகிப்போயிருந்தது. பஜாரில் பத்தர் கடையில் உட்கார வைத்து எண்ணெய் விட்டுக் கழற்ற வேண்டியதாயிற்று. மூக்கில் அந்த வெறும் ஓட்டையோடு அவளைப் பார்க்க எனக்கே என்னவோ போலிருந்தது. அவள் கண்ணாடி பார்க்கவே இல்லை.

காலை லோக்கலில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடிப்போம். மெஷினைப் பார்த்துக்கொள்கிற பிரேமா என்ற அம்மா முதல் நாள் அண்ணி தலையில் துணிக் குல்லா மாட்டி, அளந்து, கோடு போட்டாள். காதில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்தாள். எவ்வளவு வேகம் வைப்பது என்று பார்க்க ஒரு தட்டு தட்டினார்கள். அண்ணியின் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அவள் தன் கையையே வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெஷின் டக்டக்கென்று அடிக்க ஆரம்பித்தது, கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் அடித்தது. வலிக்கிறதா என்று பிரேமா கேட்டதற்கு, வாத்தியார் குட்டுகிற மாதிரி இருக்கு என்றாள். அவ்வளவுதான், திரும்பி வரும்வரை வேறு பேச்சில்லை.

போகவர ரயிலில் எத்தனை மணி நேரம்! தயிர்க்காரி, பூக்காரி, சீசன் டிக்கெட்டுக்காரர்கள் எல்லாரும் ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவார்கள். நான் எதிரில் உட்கார்ந்துகொண்டு இவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று தவித்துப் போவேன். அவளை ஜன்னலோரம் உட்கார வைப்பேன். கண் திறந்திருக்கும், ஒன்றையும் பார்க்காது. முதல் வாரம் போயிற்று, இரண்டாவது வாரமும் போயிற்று. வீண் அலைச்சல் என்று எனக்குள்ளே கருவிக்கொண்டு வந்தேன்.

ஒரு நாள் திருவள்ளூர் தாண்டியதும் அவள் வாயைத் திறந்தாள். "எப்பவும் இந்த சீட்டையே ஏன் எனக்குக் குடுக்கற? வெயிலு மூஞ்சில அடிக்குது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவள் பயந்துவிடுவாள் என்று, இத்தனை நாள் வாய் எங்க போச்சு என்று ஒரு பிடி பிடித்தேன். அவளும் விடவில்லை. நான் வைக்கிற குழம்பில் புளியே இல்லை, இதைத்தான் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஊற்றினேனா என்று கேட்டாள். அரக்கோணம் வரை சண்டை. பக்கத்திலிருந்த பூக்காரி எங்களைச் சமாதானம் பண்ணப் பார்த்தாள். அந்தப் பைத்தியக்காரிக்கு என்ன தெரியும்? அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தில் அவள் கூடையையே வாங்கியிருப்பேன்.

அதற்கப்புறம் கொஞ்சங்கொஞ்சமாகத் தேறினாள். தலை வாரிக்கொண்டாள். என் குழம்பு வேண்டாம், நானே பொங்கிக்கொள்கிறேன் என்று மாடியில் அடுப்பு பற்றவைத்தாள். மேலே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அவள் என்ன சமைக்கிறாள் என்று போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. சமைக்கிறாளே, அதுவே போதும் என்றிருந்தது.

ஆடி பிறந்தது. கிருத்திகைக்கு ஊர் முழுக்கக் காவடிக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் ரயிலில் அண்ணியின் கை நடுங்குவதைப் பார்த்தேன். டிக்கெட் விரலில் நிற்கவில்லை. பேச்சு குழறியது. அரக்கோணம் வருவதற்குள் வாந்தி. வைத்தியம்தான் ஏதோ பண்ணிவிட்டது என்று பதறிக்கொண்டு போனால், டாக்டரம்மா மெஷின் பக்கமே விடவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு, "உப்பு சேக்கலைங்க" என்றாள்.

கிருத்திகை வரைக்கும் உப்பில்லாமல் இருப்பதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். எத்தனையோ நாளாக உப்பில்லாச் சோறு, உப்பில்லாக் குழம்பு, அதுவும் ஒரு வேளை. எங்கள் பக்கத்தில் இப்படி வேண்டிக்கொள்ளாத பொம்பளை யார்? ஆனால் அவள் வருஷக்கணக்காகச் சாப்பிடுவது லித்தியம் மாத்திரை. உடம்பில் உப்பு குறைந்தால் அந்த மருந்து வெளியே போகாமல் ரத்தத்திலேயே சேர்ந்து விஷமாகிவிடுமாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆளே கிடைத்திருக்கமாட்டாள் என்றார் டாக்டரம்மா. இது தெரியாமல் அவளும், அவள் தானாகச் சமைக்கிறாள் என்று பூரித்துப்போய் நானும் இருந்திருக்கிறோம்.

கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தபோதே திட்டித் தீர்த்தேன். உப்பு வேணாம்னு முருகன் உன்கிட்ட வந்து கேட்டாரா என்றேன். அவள், "விஜி வந்து கூட்டிக்கினு போவணும்னு வேண்டிக்கினேன் ரத்தினம். வேற இன்னா என்னால குடுக்க முடியும்?" என்றாள்.

விஜிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்களா அத்தை?" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. விரதத்தைச் சொல்கிறாள். பட்டினி, வேண்டுதல், சாமி என்றால் அம்மாவுக்கு ஏத்தம் வருகிறது என்று அவள் கணக்கு. இல்லடி, ஊரே இருக்கிற விரதம்தான் என்றேன். டாக்டரம்மாவையும் கேட்டேன். நன்றாகத் தூங்குகிறார், அளவாகத்தான் பேசுகிறார், இது ஏத்தம் இல்லை, வெறும் பக்தி என்றார். அதை அப்படியே விஜியிடம் சொன்னேன். சரி அத்தை என்றாள். நம்பவில்லை என்று அவள் குரலிலேயே தெரிந்தது.

ரத்தம் சரியான பின் வைத்தியம் தொடர்ந்தது, ஆவணி பாதியில் முடிந்தது. டாக்டரம்மா கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டு, நல்ல முன்னேற்றம் என்றார். இது எத்தனை நாள் நிற்கும் என்று சொல்லமுடியாது, மாத்திரையையும் உப்பையும் விடக்கூடாது, மாதாமாதம் வரவேண்டும் என்றார். வரும் வழியில் பத்தர் கடையில் மூக்குத்தியைப் போட்டுக்கொண்டாள். ஓட்டை தூர்ந்துபோய்க் கண்ணில் தண்ணீர் வர வலித்தது. ஆனாலும் அன்றைக்கே போட்டுக்கொள்ள வேண்டும் என்று நின்றாள். விஜி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் பட்ட பாட்டை நான் என் கண்ணால் பார்த்தேன். எந்தப் புடவை கட்டுவது என்று கேட்கக் காலையிலேயே இறங்கி வந்தாள். அரக்குப் புடவையை எடுத்து, "பளிச்சுனு இருந்தா ஏத்தம்னு நெனச்சிடுவாங்க" என்று வைத்துவிட்டாள். வெளுத்த புடவையை எடுத்து, இதைக் கட்டினால் இறக்கம் என்பார்கள் என்று அதையும் வைத்தாள். கடைசியில் என்னுடைய சாம்பல் நிறப் புடவையைக் கட்டிக்கொண்டாள். சாம்பார், ரசம், ஒரு பொரியல், அப்பளம். வடை சுடட்டுமா என்று கேட்டவள் தானே, வேணாம், ரொம்ப செய்யற மாதிரி தெரியும் என்றாள். கதவுக்குப் பின்னால் ஒரு பையில் நாலு புடவையும் மாத்திரை டப்பாவும் வைத்துக் கட்டியிருந்தாள். தன் வீட்டுக்குத் தன் பெண் வருகிறாள், அதற்கு ஒருத்தி இப்படி அளந்து அளந்து நடக்க வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மாப்பிள்ளை ஹரிஹரன், விஜி, அவர்களுடைய அஞ்சு வயசுப் பெண் கனிமொழி மூன்று பேரும் வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அண்ணி கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காததைப் பேசவில்லை. மாப்பிள்ளை சாம்பார் நல்லா இருக்குங்க என்றார். விஜியின் முகம் தெளிந்திருந்தது. இன்றைக்கு அழைத்துப் போய்விடுவாள் என்றே நான் நினைத்தேன்.

சாப்பிடும்போது குழந்தை பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. "பாட்டி, உன் தலையில காந்தம் வச்சாங்களா? அப்ப ஸ்பூன் ஒட்டுமா?" என்றது. யாரும் தடுப்பதற்குள் எழுந்து வந்து, பொரியல் ஸ்பூனைப் பாட்டி நெற்றியில் வைத்துக் கையை எடுத்தது. ஸ்பூன் நேராக ரசத்தில் விழுந்து, ரசம் மாப்பிள்ளை சட்டை மேல் தெறித்தது.

அண்ணி சிரித்துவிட்டாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வர, தறி ஓடுகிற வீட்டில் சிரிக்கிற மாதிரி சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் பார்த்தேன், வேறு யாரும் சிரிக்கவில்லை. ஹரிஹரன் விஜியைப் பார்த்தார். விஜி, "கனி, இங்க வா" என்று குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் நிறுத்திவிட்டேன். அண்ணியின் சிரிப்பு மட்டும் அந்த அறையில் இன்னும் கொஞ்சம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவளும் எங்கள் முகங்களைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, ராத்திரி தூங்கறியா ஒழுங்கா?" என்று விஜி கேட்டாள். தூங்கறேன் என்றாள். மாத்திரை? சாப்பிடறேன். அதற்கப்புறம் பேச்சு ரோட்டைப் பற்றியும் ஓசூர் போய்ச் சேருகிற நேரத்தைப் பற்றியும் போயிற்று. கிளம்பும்போது விஜி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்றாள். அண்ணி சரி என்று தலையாட்டினாள். விஜி பேரில் தப்பில்லை, அவளும் குழந்தையாக இருந்ததிலிருந்து பட்டவள்தான். கார் தெரு திரும்பும்வரை அண்ணி வாசலில் நின்றாள்.

உள்ளே வந்து இலைகளை எடுத்துக்கொண்டிருந்தோம். அண்ணி என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "நான் சிரிச்சது ஜாஸ்தியா போச்சா ரத்தினம்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"எவ்ளோ சிரிக்கலாம்னு அடுத்த தபா டாக்டரம்மாவைக் கேக்கணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அதைப் போய் யாராவது கேப்பாங்களா? உனக்கு எவ்ளோ வருதோ அவ்ளோ சிரி. மாப்ள சட்டையில ரசம் தெறிச்சா ஊரே சிரிக்கும்" என்றேன்.

அவளுக்கு அந்தச் சட்டை ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடியும் சிரித்தாள், முன்னைவிடச் சத்தமாக, இலையைக் கையில் பிடித்துக்கொண்டே.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வேறொன்றுக்கும் இல்லை, கண் எப்படி இருக்கிறது, ஏத்தமா என்று ஒரு பார்வை. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

சிரிப்பை நிறுத்திவிட்டு, மீதி இலைகளையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.